ஒரு முறைகூடத் தவறாத ஆட்டம்

திட்டுவதற்கென்றே யாராவது துப்பறிவாளரை அமர்த்துவார்களா? செங்கொடி மூன்று நாள் முன்பு அமர்த்தியிருந்தாள். அன்று காலை பத்து மணிக்குள் ரகுபதிக்கு அவளிடமிருந்து நான்கு போன் வந்துவிட்டது.

“இன்னா சார், கண்டுபுட்ச்சியா இல்லியா?”

“கண்டுபிடிச்சா நானே கூப்பிடறேம்மா.”

“கிழிச்சே. நாளிக்கு காலீல எங்க வூட்டுக்காரு மாஜிஸ்திரேட்டாண்ட நான்தான் பண்ணேன்னு வாக்குமூலம் குடுக்கப் போறாரு. குடுத்துட்டாருன்னா பத்து வருசம் உள்ள. அப்பால நீ கண்டுபுட்ச்சா இன்னா, கண்டுபுடிக்காட்டி இன்னா?”

லைன் அறுந்தது. ரகுபதி போனை முறைத்துப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக லாரி விபத்துகளைத் துருவிய மனிதர். மேலதிகாரியோடு சண்டை போட்டு வெளியே வந்து, ராயபுரத்தில் ஒரு விசைப்படகு ரிப்பேர் கடையின் மாடியில் சொந்தமாகப் பலகை மாட்டியவர். வாழ்நாளில் இவ்வளவு திட்டு அவர் வாங்கியதில்லை.

“என் வூட்டுக்காரன்கூட இவ்ளோ வாங்கினதில்ல சார்,” என்றாள் நீலா. “உங்களுக்கு நல்ல ராசி.”

நீலா அவருடைய உதவியாளர். வயது முப்பத்தெட்டு. ஆட்டோ அவளுடையது, வாயும் அவளுடையது, இரண்டிலும் பிரேக் சரியாகப் பிடிக்காது. அந்த ஆட்டோவில்தான் இருவரும் புழல் சிறை வாசலில் இறங்கினார்கள்.

கேஸ் இதுதான். மூன்று வாரத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று நாற்பது. துறைமுகத்துக்குப் போகும் எக்ஸ்பிரஸ் ரோட்டில், திருவொற்றியூர் பக்கம், கன்டெய்னர் டிரெய்லர்கள் வழக்கம்போல மைல் கணக்கில் வரிசை கட்டி நின்றன. குப்பத்து ஜனங்கள் இரண்டு டிரெய்லருக்கு நடுவே புகுந்துதான் சாலையைக் கடப்பார்கள். சுற்றிக்கொண்டு போனால் அரை மணி நேரம். மீன்கூடையோடு புகுந்தாள் பவுனம்மாள். நின்ற வண்டி நகர்ந்தது. அவள் உயிர் அங்கேயே போயிற்று.

குப்பம் முழுக்க வந்து சாலையில் உட்கார்ந்துவிட்டது. வண்டியின் கண்ணாடியை உடைத்தார்கள், சாவியைப் பிடுங்கி எறிந்தார்கள். மறியலை முடித்து வைக்கப் போலீஸ் பத்து வருஷம் வரை உள்ளே தள்ளக்கூடிய பெரிய சட்டப்பிரிவாகப் பார்த்து வழக்குப் போட்டது. டிரைவர் ஜெயவேல் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. போனில் லூடோ ஆடிக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை என்றான். போனைத் திறந்து பார்த்தால் அவன் சொன்னது சரியாக இருந்தது. மூன்று நாற்பது வரை ஆடியிருக்கிறான். போலீசுக்கு அந்த வருஷம் இதைவிடச் சுலபமான கேஸ் கிடைக்கவில்லை.

அவன் செய்யவில்லை என்று சொன்ன ஒரே ஆள் அவன் பெண்டாட்டி செங்கொடி. எப்படித் தெரியும் என்று ரகுபதி கேட்டதற்கு, “அத்த கண்டுபுடிக்கத்தானே உன்னாண்ட வந்தேன்” என்று எரிந்து விழுந்தாள்.

சிறையில் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் வந்து நின்ற ஜெயவேல் ஆறடிக்கு மேல் இருந்தான். நாற்காலியில் உட்கார்ந்தபோது முழங்கால் பலகையில் இடித்தது. பேசும் கருவியை எடுத்த கையோடு சண்டைக்கு வந்தான்.

“யாரு நீ? உன்ன யாரு வரச் சொன்னது?”

“உன் சம்சாரம்.”

கோபத்தில் இருந்த முகம் சட்டென்று வெளுத்துவிட்டது. “அவளா? அவ எப்டி...” என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டான். ரகுபதி காத்திருந்தார். அவன் முடிக்கவில்லை.

“போய்டு சார். எனக்கு யாரும் வாணாம். நான் போன பாத்துகினு இருந்தேன், லெப்ட்டு பாக்கல, அந்தம்மா பூட்ச்சி. இதான் நெஜம். நாளிக்கும் இத்தான் சொல்லுவேன்.”

“முன்னாடி பார்த்தியா?”

“லெப்ட்டு பாக்கலன்னு சொல்றேன்ல. செவுடா நீ? இன்னொரு தபா இங்க வந்தே, வார்டனாண்ட சொல்லிக் கெளப்பிடுவேன்.”

கருவியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். வெளியே வந்து ரகுபதி நடந்ததைச் சொன்னதும் நீலா ஆட்டோவைக் கிளப்பினாள்.

“பொண்டாட்டி திட்றா, புருசன் தொரத்துறான். நல்ல ஜோடிப் பொருத்தம் சார். நாம எதுக்கு நடுவுல?”

“பொய் சொல்றவனை எனக்குத் தெரியும் நீலா. இருபத்திரண்டு வருஷம் பொய்யைத்தான் பார்த்தேன். இவன் பொய் சொல்லலை. ஆனா பயப்படறான். உண்மையைச் சொல்றவன் எதுக்குப் பயப்படணும்?”

“கேள்விய என்னாண்ட கேட்டா? நான் ரோட்ட பாக்கணும்.”

பார்க்க வேண்டிய ரோடுதான். எக்ஸ்பிரஸ் ரோட்டில் விபத்து நடந்த இடத்தில் ஆட்டோவை நிறுத்திய அடுத்த நிமிஷம், கண்ணாடியில் ஓங்கி ஓர் அடி விழுந்தது. லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவன் எதிரே நின்றான். முப்பது வயது இருக்கும். பவுனம்மாளின் மகன் டில்லிபாபு, விசைப்படகுத் தொழிலாளி. துப்பறிகிற ஆள் வந்திருக்கிற செய்தி குப்பத்துக்கு முன்பே போயிருக்கிறது.

“அவன காப்பாத்த வந்தவன் நீதானா?”

“உண்மையைக் கண்டுபிடிக்க வந்தேன்.”

“உண்மைய நான் சொல்றேன், கேட்டுக்கோ. எங்கம்மா செத்தது ஒரு லூடோவுக்கோசரம். லூடோ. சின்னப் பசங்க ஆடுவானுங்களே, அது. எங்கம்மாவ வாரிப் போட்டுகினு போனது நான். நீ இல்ல. இனிமே இந்தப் பக்கம் உன் மூஞ்சியப் பாத்தேன், ஆட்டோவோட சேத்துக் கடல்ல எறக்கிடுவேன்.”

“ஆட்டோ என்னுது நைனா,” என்றாள் நீலா. “அவர மட்டும் எறக்கு.”

டில்லிபாபு சிரிக்கவில்லை. காறித் துப்பிவிட்டு விலகினான். தாயைப் பறிகொடுத்தவனிடம் நியாயம் பேசுகிற தைரியம் ரகுபதிக்கு இல்லை.

வரிசையில் நின்ற டிரெய்லர் ஒன்றில் மதார் சாகிப் இருந்தார். ஜெயவேலின் தோஸ்து. விபத்தன்று அவனுக்கு மூன்று வண்டி பின்னால் நின்றவர். அவர் உட்பட நான்கு டிரைவர்கள் வரிசையில் நிற்கும் நேரமெல்லாம் போனில் ஒன்றாக லூடோ ஆடுவார்கள். நீலா அவருக்குத் தூரத்துப் பழக்கம் என்பதால் இருவரையும் மேலே ஏற்றிக்கொண்டார்.

அப்போதும் ஆட்டம் நடந்துகொண்டுதான் இருந்தது. ஸ்டீயரிங் பக்கத்தில் போனை மாட்டியிருந்தார். கட்டத்தைத் தட்டினார், பகடை உருண்டது, காயை நகர்த்தினார். முன்வண்டி உறுமியது. உடனே போனை விட்டார், கியரைப் போட்டார், பத்தடி நகர்த்தி நிறுத்தினார். திரும்பிப் பார்ப்பதற்குள் அவருடைய முறை போய்விட்டது. பெயருக்குக் கீழே ஒரு சாம்பல் நிறப் புள்ளி விழுந்தது.

“பத்து செகண்டுதான் டைம் குடுப்பான். தட்டலன்னா முறை போச்சு, புள்ளி வெச்சிடுவான். இதே பேஜாரு.”

“வண்டியை மெதுவா நகர்த்தினா என்ன பாய்? ஆட்டத்தை முடிச்சிட்டு?”

“முன்னாடி கேப் வுட்டா சைடுலேர்ந்து இன்னொருத்தன் மூக்க வுட்டுடுவான். அப்பால பின்னாடி கீறவன் எறங்கி வந்து சட்டையப் புடிப்பான். லைன்ல நிக்கறவனுக்கு முறை போனாலும் பரவால்ல, எடம் போவக் கூடாது.”

“அன்னைக்கு ஆடின ஆட்டம் போன்ல இருக்கா?”

“கீது. அத்த ஏன் கேக்கறே,” என்று மதார் சாகிப் பழைய பட்டியலைத் திறந்தார். இறந்தவளுக்காக வருத்தம் இருந்தாலும் தோற்ற கோபம் இன்னும் ஆறவில்லை. “அன்னிக்கு அவனுக்கு இன்னா புட்ச்சிதோ தெரில. துவைச்சு எட்த்தான். மூணு காய் பழம் ஏத்திட்டான். அது பத்தாதுன்னு மைக்க ஆன் பண்ணிகினு எங்கள எல்லாம் ஒரே கலாய். அவன் கொரல்தான் கடைசீல கேட்டது. திடீர்னு மைக்கு ஆப் ஆயிட்ச்சி. பின்னாலியே ரோட்ல கூச்சல்.”

ரகுபதி திரையை வாங்கிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். மதார் சாகிபின் பெயருக்குக் கீழே ஒன்பது புள்ளி. மற்ற இருவருக்கும் பத்தும் எட்டும். ஜெயவேல் பெயருக்குக் கீழே மூன்று மணியிலிருந்து மூன்று நாற்பது வரை ஒன்றுகூட இல்லை. அதன் பிறகு வரிசையாகப் புள்ளி, ஆட்டம் கலைந்துவிட்டது.

“முந்தின நாள் ஆட்டங்களைக் காட்டுங்க.”

எல்லாவற்றிலும் ஜெயவேலுக்கும் மற்றவர்களைப் போலவே ஏழு, எட்டு, பத்து என்று இருந்தது.

“பாய், உங்களுக்கு முன்னாடி நின்னவன் ஜெயவேல். அவன் வண்டி நகராம நீங்க நகர முடியுமா?”

“எப்டி முடியும்?”

“நீங்க ஒன்பது தடவை போனை விட்டுட்டு வண்டியை நகர்த்தியிருக்கீங்க. அவன் வண்டியும் அத்தனை தடவை நகர்ந்திருக்கணும். ஆனா அவன் ஒரு தடவைகூட போனை விடலை. வாயும் ஓயலை.”

மதார் சாகிப் போனைப் பிடுங்கிக்கொண்டார். நீலாதான் மெதுவாக வாயைத் திறந்தாள்.

“ஜெயவேலு போன்ல இருந்தான்னா, வண்டிய ஓட்டினது யாரு?”

“எறங்கு,” என்றார் மதார் சாகிப். “ரெண்டு பேரும் எறங்குங்க. தோஸ்துன்னு ஏத்தினா எங்க அடிமடியிலியே கைய வெக்கறீங்களா? லைன்ல நிக்கசொல்ல ஸ்டீயரிங்க மாத்திக் குடுக்கறது எல்லாரும் பண்றதுதான். மணிக்கணக்கா நிக்கறவன் சோறு துன்ன வாணாம், தூங்க வாணாம்? வெளில சொன்னா நூறு பேரு லைசென்சு போவும். நான் ஒண்ணும் சொல்லல, நீ ஒண்ணும் கேக்கல. எறங்கு சார்.”

இறங்கினார்கள். ரகுபதிக்கு உள்ளுக்குள் ஆத்திரமாக வந்தது. ஊருக்கே தெரிந்த விஷயத்தை ஊரே சேர்ந்து மூடி வைத்திருக்கிறது.

விபத்து வண்டி காவல் நிலையத்தின் பின்னால், குப்பை மேட்டுக்குப் பக்கத்தில் நின்றது. பழைய பழக்கத்தைச் சொல்லி ஐந்து நிமிஷம் அனுமதி வாங்கினார் ரகுபதி. சாவி தொலைந்ததால் அதைக் கிரேன் வைத்து இழுத்து வந்திருந்தார்கள். அன்றைக்குப் பிறகு யாரும் உள்ளே உட்காரவில்லை என்பதற்குச் சாட்சி, டிரைவர் சீட் முழுக்கக் கிடந்த உடைந்த கண்ணாடித் தூள். நீலா ஆட்டோ துடைக்கிற துணியால் அதைத் தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

“எனக்கின்னே செஞ்சு வெச்சாப்ல கீது சார். கால் எட்டுது, கை எட்டுது.”

“உன் உயரம் என்ன?”

“அஞ்சடி. சிங்காரிச்சா அஞ்சே கால்.”

ரகுபதி குனிந்து சீட்டின் அடியில் பார்த்தார். முன்னால் எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவும் தள்ளி வைக்கப்பட்டிருந்தது.

“ஜெயவேல் ஆறடிக்கு மேல.”

“அவன் இதுல குந்தினா முட்டி மூக்க ஒடச்சிடும்.”

“அப்போ ஓட்டினது குள்ளமான ஆள். அந்த வண்டிக்குக் கிளீனர் யாரு?”

“உதயா. செங்கொடியோட தம்பி.” நீலா சீட்டிலிருந்து குதித்தாள். “என் ஒயரம்தான் சார் இருப்பான்.”

பொருந்திவிட்டது. லைசென்ஸ் இல்லாத மைத்துனனிடம் வண்டியைக் கொடுத்துவிட்டு மாமன் போனில் மூழ்கியிருக்கிறான். விபத்தானதும் மைத்துனனைக் காப்பாற்றப் பழியைத் தலையில் வாங்கிக்கொண்டான். ரகுபதி இருபத்திரண்டு வருஷத்தில் இதுபோல் பத்துக் கேஸ் பார்த்திருக்கிறார். ஆட்டோ புளியந்தோப்பை நோக்கிப் பறந்தது. பாதி வழியில் செங்கொடி கூப்பிட்டாள்.

“எங்க கீறே?”

“உன் தம்பியைப் பார்க்கப் போறேன்.”

“அவன எதுக்கு? உனக்கு மூள கீதா இல்லியா? அவன் இன்னா பண்ணான்? கஸ்மாலம், நேரத்த வீணாக்கறியே சார். பொழுது போய்கினே கீது.”

“அவன் இல்லைன்னா வேற யாருன்னு நீ சொல்லேன்.”

லைன் அறுந்தது.

ஹவுசிங் போர்டு குடியிருப்பின் இரண்டாவது மாடியில் கதவைத் திறந்தவன் உதயாதான். இருபத்தைந்து வயது, நீலாவின் உயரம். ரகுபதி மனத்தில் அடுக்கி வைத்திருந்த கேள்விகளெல்லாம் அவனைப் பார்த்த மாத்திரத்தில் சரிந்தன. அவனுடைய இடது கை விரல் நுனி முதல் தோள்பட்டை வரை மாவுக்கட்டில் இருந்தது.

“இது எப்போ?”

“கன்டெய்னர் மேல்ந்து வியிந்தேன். அந்தம்மா சாவறதுக்கு அஞ்சு நாள் முன்னாடி. ஆஸ்பத்திரி சீட்டு காட்டட்டா? என் தலையில கட்டப் பாக்கறியா நீ?”

டிரெய்லரின் கியர் இடது பக்கம். இடது கை இல்லாமல் அந்த வண்டியை ஒரு அடி நகர்த்த முடியாது. ரகுபதி திகைத்து நிற்கும்போதே போன் மறுபடி அலறியது. செங்கொடி. வராந்தாவுக்குப் போய்க் காதில் வைத்தார். முழுசாக நான்கு நிமிஷம் வாங்கிக்கட்டிக்கொண்டார். அவர் திரும்பி வருவதற்குள் உதயா பேசி முடித்துவிட்டான். கதவு அவர் முகத்துக்கு நேராகச் சாத்தப்பட்டது.

ஆட்டோ நகர்ந்து கால் மணி நேரமாகியும் நீலா ஒரு கிண்டலும் செய்யவில்லை. அது ரகுபதிக்கு உதயாவின் மாவுக்கட்டைவிடப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது.

“என்ன நீலா, வாய்க்கு லீவா?”

“நீங்க போன்ல இருக்கசொல்ல அவன் ஒண்ணு சொன்னான் சார். சொல்லிட்டு அழுதுட்டான்.”

“என்ன சொன்னான்?”

“‘நான் இருந்திருந்தா லெப்ட்டு பாத்திருப்பேன். லெப்ட்டு பாக்கறதுதான் கிளீனர் வேல. டிரைவருக்கு அந்தப் பக்கம் தெரியாது. நான் பாத்து ரைட்டுன்னு சொன்னாதான் மாமா வண்டிய எடுப்பாரு’ன்னான்.”

ரகுபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். முன்னால் பார்த்தாயா என்று கேட்டதற்கு லெப்ட் பார்க்கவில்லை என்று எரிந்து விழுந்தவன் ஜெயவேல். டிரைவர் சீட்டில் இருந்தவன் அப்படிச் சொல்லமாட்டான். கிளீனர் சீட்டில் இருந்தவன்தான் சொல்லுவான். அவன் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. போனைப் பார்த்துக்கொண்டு லெப்டைப் பார்க்காமல் விட்டவன் அவன்தான். அதைச் செய்த இடம்தான் வேறு.

“வேற என்ன சொன்னான்?”

நீலா ஆட்டோவை ஓரம் கட்டினாள். “மதியம் லைன்லேர்ந்து எறங்கிப் போய் வூட்லேர்ந்து சோறு எடுத்தாறதும் அவன்தானாம். கை ஒடைஞ்சதுலேர்ந்து அவங்க அக்கா போவுதாம். அன்னிக்கும் அதான் போச்சாம்.” கண்ணாடியில் ரகுபதியைப் பார்த்து, “அக்காவும் தம்பியும் ஒரே ஒயரம் சார்” என்றாள்.

தெருவில் ஒருவன் தர்பூசணி விற்றுக்கொண்டிருந்தான். இருவரும் அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ரகுபதிக்கு வெட்கமாக இருந்தது. கேஸின் முடிச்சு அவிழ்ந்த நான்கு நிமிஷமும் அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றிருக்கிறார்.

வியாசர்பாடியில் செங்கொடியின் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. ஐந்தடி உயரம், ஒல்லியான உடம்பு, மூன்று வாரமாகத் தூங்காத கண். அவளுடைய நாலு வயது மகள் மூலையில் பாயில் உட்கார்ந்து வெண்டைக்காய்க் காம்பை நெற்றியில் ஒட்டி விளையாடிக்கொண்டிருந்தாள்.

“இன்னா சார், வழி தெரிஞ்சிதா ஒருவழியா?” என்றாள் செங்கொடி.

“நீயே சொல்லியிருக்கலாமே.”

“நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பாப்பா தலமேல ஒரு சத்தியம் கீது. மொத தபா கோர்ட்டுக்கு இட்டாந்தப்ப, அவுரு என் கைய இஸ்த்து அது தலமேல வெச்சு வாங்கிகினாரு. இன்னா சத்தியம்னு கேக்காதே. நீ பேசு. தப்பா பேசினா திட்றேன்.”

ரகுபதிக்கு அப்போதுதான் புரிந்தது. மூன்று நாளாக அவள் திட்டிய ஒவ்வொரு முறையும் அவர் தவறான திசையில் போய்க்கொண்டிருந்தார். அவளால் திறக்க முடிந்த வாசல் அது ஒன்றுதான்.

கட்டிலில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்.

“அன்னைக்கு மூணு மணிக்கு நீ சோறு கொண்டு போனே.”

அவள் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“அவன் சாப்பிட்டான். ஆட்டம் சூடு பிடிச்சிருந்தது. வண்டியை நீ நகர்த்துன்னு கிளீனர் சீட்டுக்குப் போயிட்டான். அன்னைக்குத்தான் முதல் தடவையா ஸ்டீயரிங்கைத் தொட்டே.”

“லூசாட்டம் பேசாதே சார். தெரியாதவ கையில யாராச்சும் அம்மாம் பெரிய வண்டியக் குடுப்பாங்களா?”

“சரி. உனக்கு ஓட்டத் தெரியும். லைன்ல பல தடவை நகர்த்தியிருக்கே. அன்னைக்கும் ஒன்பது தடவை ஒழுங்கா நகர்த்தினே.”

குழந்தை ஒரு காம்பை எடுத்து வந்து அவள் நெற்றியில் ஒட்டிவிட்டுப் போனது. அவள் அதைத் தட்டிவிடவில்லை.

“முன்வண்டி நகர்ந்துச்சு. உனக்கு இடது பக்கம் தெரியலை. லெப்ட்ல யாராவது இருக்காங்களான்னு கேட்டே. அவன் ‘இல்லை, போ’ன்னான்.”

அவள் நெற்றியிலிருந்த காம்பைப் பிய்த்துக் கையில் கசக்கினாள்.

“அவன் பார்த்துட்டுச் சொல்றான்னு நம்பி நீ வண்டியை எடுத்தே.”

“த்தூ,” என்றாள் செங்கொடி. “நீயெல்லாம் ஒரு துப்பறியறவன். என்ன நல்லவளாக்கி வுடப் பாக்கறியா? தப்பு. மறுபடி யோசி.”

ரகுபதி அவளையே பார்த்தார். பதில் தெரிந்துவிட்டது. சொல்லப் பிடிக்கவில்லை. ஆனாலும் சொன்னார்.

“அவன் தலையைத் தூக்கலை. போனைப் பார்த்துக்கிட்டேதான் ‘போ’ன்னு சொன்னான். அது உனக்குத் தெரியும். தெரிஞ்சும் எடுத்தே.”

அவள் திட்டவில்லை. சுவரோரம் சரிந்து உட்கார்ந்து, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நீலா போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

“வுட்ரலாம் சார்,” என்றாள் நீலா. அவள் குரலில் ஒரு துளி கிண்டல் இல்லை. “ரெண்டு பேரும் சேந்து பண்ணதுதானே. கூட்டம் சேர்றதுக்குள்ள இவள எறக்கி வுட்டுட்டு ஒருத்தன் ஏத்துகினான். கொழந்தைக்கு ஆத்தாவாச்சும் இருக்கட்டும். நாம ஒண்ணும் பாக்கல.”

ரகுபதிக்கும் அப்படித் தோன்றாமல் இல்லை. எழுந்து போய்விட்டால் போதும், நாளைக் காலை எல்லாம் முடிந்துவிடும்.

“வுட்டுட்டு?” என்று செங்கொடி சீறினாள். “அந்தம்மா மவன் இந்தத் தெருவுல வந்து நின்னு மண்ண வாரித் தூத்தினான். எங்க வூட்டுக்காரு பேரச் சொல்லி, நீ நாசமாப் போவேன்னு. நான் கதவச் சாத்திகினு உள்ள குந்திகினு கேட்டேன். அந்த மண்ணு யாரு மேல வியிந்திருக்கணும்? பத்து வருசம் நான் பாப்பாக்கு சோறு ஊட்டிகினு இருப்பேன், அவுரு உள்ள கெடப்பாரு. துன்ற ஒவ்வொரு வாயும் எப்டி எறங்கும்? பாப்பாவ உதயா பாத்துப்பான். எய்ந்திரு சார். ஆட்டோவ எடு நீலா.”

குழந்தையைப் போகிற வழியில் உதயாவிடம் விட்டார்கள். அவன் அக்காவைப் பார்த்தான், ரகுபதியைப் பார்த்தான், ஒற்றைக் கையால் பிள்ளையை வாங்கிக்கொண்டான்.

காவல் நிலையத்துக்குள் அவர்கள் நுழைந்தபோது மணி ஐந்தரை. வாசலுக்கு நேரே மேஜை போட்டு ஒரு காவலர் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையாலும் போனைப் பிடித்திருந்தார். அதிலிருந்து யாரோ சிரிக்கிற சத்தம் வந்தது.

“பவுனம்மாள் கேஸ் விஷயமா வந்திருக்கோம்,” என்றார் ரகுபதி.

“உக்காருங்க. ஐயா வருவாரு.”

“அவசரம். நாளைக்குக் காலையில வாக்குமூலம்.”

“வருவாருன்னு சொன்னேன்ல,” என்றார் காவலர். கட்டை விரல் திரையை மேலே தள்ளியது. அடுத்த சிரிப்பு ஆரம்பமாயிற்று.

செங்கொடி முன்னால் போனாள். மேஜை அவள் இடுப்புக்கு மேல் இருந்தது. கையை நீட்டிக் காவலரின் போனைப் பிடுங்கி, மேஜைமேல் குப்புறப் போட்டு, அதன்மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

“ஏய், இன்னா...” என்று எழுந்தார் காவலர்.

“தலயத் தூக்கு,” என்றாள் செங்கொடி. “இந்த சார் என்னப் பத்தி ஒண்ணு சொல்லப் போறாரு. என் மூஞ்சியப் பாத்துகினு கேளு.”

காவலர் அவளைப் பார்த்தார். ரகுபதி சொல்ல ஆரம்பித்தார்.